ஒரு மூடி, இரண்டு வேளை

ஜூலை 3, திங்கள்

இந்த நோட்டை எழுதச் சொன்னது டாக்டர் ஹசீனா. என் வீட்டுக்காரர் என்ன சாப்பிட்டார், எத்தனை தடவை வெளிக்குப் போனார், பேச்சு தெளிவாக இருக்கிறதா, பகலில் தூங்கி வழிகிறாரா, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுத வேண்டுமாம். எழுதத் தெரியுமா என்று வேறு கேட்டார். பதினாலு வருஷமாகச் சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருக்கிறேன். நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு வந்த முட்டை எத்தனை, உடைந்தது எத்தனை, கூமுட்டை எத்தனை என்று ஒரு நாள் விடாமல் எழுதியவள். தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

முன்பக்கம் டாக்டருக்கு. நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எழுதுகிற இது எனக்கு.

ராஜபாளையம் பக்கத்திலிருந்து மதுரைக்கு ஆம்புலன்ஸில் வந்தோம். அவர் பெயர் செண்பகராஜ், வயது நாற்பத்தி நாலு, பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் மெக்கானிக். கண் மஞ்சள். வயிறு நிறைமாதக்காரிக்கு இருப்பது போல. கால் வீங்கி செருப்பு நுழையவில்லை. ஊரில் பத்து நாள் பத்தியம் பார்த்தோம். அவருடைய அக்கா அய்யம்மா மதினி கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். உப்பில்லாத கஞ்சியும் மோரும் தவிர வேறெதுவும் காட்டவில்லை. டாக்டரம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். குடியில் ஈரல் கெட்டது பாதி, நீங்கள் பட்டினி போட்டது மீதி என்றார். இனி முட்டை, பருப்பு, பால், படுக்கப் போகும்போதும் ஏதாவது. நாட்டு மருந்து என்று எதுவும் கூடாது.

"கடைசியா எப்ப குடிச்சீங்க?" என்று அவரிடம் கேட்டார்.

"பதினஞ்சு நாளாச்சு" என்றார் இவர்.

டாக்டர் அதை எழுதவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பன்னிரண்டு நாள், ஜூன் இருபத்தி ஒன்று, புதன்கிழமை என்றேன். உடனே எழுதிக்கொண்டார். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் இந்த மரியாதையையாவது சம்பாதித்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 5, புதன்

வயிற்றிலிருந்து ஐந்து லிட்டர் நீர் எடுத்தார்கள். ஊசி குத்திய இடத்தில் துணி வைத்து ஒட்டினார்கள். மனுஷன் அந்தத் துணியை விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு, "இழை பத்தாது, நம்ம கூடத்துத் துணி இல்லை" என்றார். சாகக் கிடக்கிறபோதும் தறி ஞாபகம். நர்ஸ் சிரித்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, வந்ததை அடக்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு வீட்டில் அறை எடுத்திருக்கிறேன். நோயாளியோடு வந்தவர்கள் முறை வைத்துச் சமைக்க ஒரு கேஸ் அடுப்பு உண்டு. காலையில் ஆறு மணிக்கு என் முறை. இரண்டு முட்டை, பாசிப்பருப்பு, குழைந்த சோறு. பணத்துக்கு என்ன செய்கிறாய் என்று வார்டில் எல்லாரும் கேட்கிறார்கள். அந்தக் கதையை இந்த நோட்டில் எழுதப்போவதில்லை.

அறையில் துணிகளை அடுக்கும்போது பழக்கதோஷத்தில் அவருடைய பையை உதறித் தேடினேன். தறிக்கூடத்தில் எண்ணெய் டப்பாவுக்குள் வைப்பார். வீட்டில் அரிசி டிரம்முக்குள், துண்டில் சுற்றி. நான் சோறு வடிக்க அரிசி எடுக்கும்போது பாட்டில் கையில் தட்டும். பையில் இன்று ஒன்றுமில்லை.

ஜூலை 7, வெள்ளி

மூன்று முட்டை. மூன்று தடவை போனார். சண்டை இல்லை.

ஜூலை 8, சனி

சாப்பாடு இறங்கமாட்டேன் என்கிறது. தட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்புகிறார். நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளைச் சாப்பிட வைத்தவள், ஒரு ஆளைச் சாப்பிட வைக்க முடியவில்லை என்றால் எனக்கு அவமானம்.

மாலையில் கடைத்தெருவுக்குப் போய் ஒரு பாட்டில் அரிஷ்டம் வாங்கினேன். பசி எடுக்க அதை விட்டால் வேறு மருந்தில்லை. என் மகள் வதனி பிறந்தபோது எனக்கு என் அம்மா வீட்டில் நாற்பது நாள் கொடுத்தது. பச்சை உடம்புக்காரிக்கே கொடுப்பது, இவருக்கு என்ன செய்துவிடும். டாக்டர் வேண்டாம் என்றது அரைத்துக் கொடுக்கிற பச்சிலையை. இது சீல் வைத்த பாட்டில். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மூடி, இரண்டு வேளை.

முன்பக்கத்தில் இதை எழுதவில்லை. பார்த்தால் அந்தம்மா தாம்தூம் என்று குதிப்பார். பாட்டிலைத் துண்டில் சுற்றி என் பையில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

மறுக்காமல் குடித்தார். அதன் பிறகு அரைத் தட்டு சோறும் ஒரு முட்டையும் உள்ளே போயின. எனக்குத் தெரியாததா.

ஜூலை 10, திங்கள்

இன்று ஏழாம் நாள். ஈரல் வீக்கத்துக்குக் கொடுத்த மாத்திரை வேலை செய்கிறதா என்று ஏழாம் நாள் ரத்தத்தைப் பார்த்துத்தான் சொல்வார்களாம். காலையிலிருந்து எனக்கு ரேடியோவில் பரீட்சை முடிவு கேட்கிற மாதிரி இருந்தது.

டாக்டர் ஹசீனா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மாத்திரை கேட்கவில்லை. மஞ்சள் அளவு இருபத்தி நாலிலிருந்து இருபத்தி ஆறாகியிருக்கிறது. இனிமேலும் அதைக் கொடுத்தால் கிருமி தாக்கத்தான் வழி, நிறுத்திவிட்டோம் என்றார்.

"இந்த நிலைமையில பத்துப் பேர்ல ஏழு பேர் ஆறு மாசம் தாண்டுறதில்லைம்மா."

"மிச்சம் மூணு பேர் என்ன செஞ்சாங்க?"

அவர் ரிப்போர்ட்டை மடித்து வைத்தார். "சாப்பிட்டாங்க. ஒரு சொட்டுக் குடிக்கல. அதுக்கு மேல கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்துச்சு."

இன்னொரு வழி ஈரல் மாற்று. நெருங்கிய சொந்தத்தில் ஒருவர் தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். கொடுத்தவருக்கு அது திரும்ப வளர்ந்துவிடும். ஆனால் குடித்துக் கெட்ட ஈரலுக்கு மாற்று வைக்க ஒரு கமிட்டி சம்மதிக்க வேண்டும். டாக்டர்கள் ஐந்து பேர். இனிக் குடிக்கமாட்டார் என்று அவர்களுக்கு நம்பிக்கை வர வேண்டும்.

யார் கொடுப்பீர்கள் என்று கேட்டு முடிப்பதற்குள் நான்தான் என்றேன். அய்யம்மா மதினிக்குச் சர்க்கரை, வதனிக்கு வயது பதினேழு. வேறு ஆளில்லை. அதனால் சொன்னேன், வேறு காரணம் எதுவுமில்லை.

ஜூலை 11, செவ்வாய்

ஊரிலிருந்து என் அண்ணன் போன் பண்ணினார். குடித்து அழித்தவனுக்கு உன் ஈரலை அறுத்துக் கொடுப்பாயா, உனக்கு ஒன்று ஆனால் பிள்ளையை யார் பார்ப்பது என்று கத்தினார்.

"கட்டிக் கொடுக்கும்போது என்னை முழுசாத் தூக்கிக் கொடுத்தீங்க. அப்ப யாரும் யோசிக்கல. இப்பத் துண்டு ஈரலுக்கு இவ்வளவு யோசனையாண்ணே?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் நியாயத்தைக் கத்திச் சொல்பவர்களிடம் நான் ஒத்துக்கொள்வதில்லை. எனக்குத் தோற்பது பிடிக்காது. மதிய உணவு முட்டையை நிறுத்தி வைத்த ஆபீசர் மூன்று பேரைப் பார்த்தவள் நான்.

ஜூலை 14, வெள்ளி

அரிஷ்டத்தை ஊற்றி நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டு, "தங்கம், இதுல சரக்கு வாடை வருது. வேண்டாம்" என்றார்.

"உங்களுக்குக் குழாய்த் தண்ணியிலகூட சரக்கு வாடை வரும். மூக்கு அப்படி" என்றேன். பக்கத்துக் கட்டில்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இவரும் லேசாகச் சிரித்துவிட்டுக் குடித்தார். இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் பருப்பு.

ஜூலை 17, திங்கள்

என்னைத் தலை முதல் கால் வரை சோதித்தார்கள். ரத்தம், ஸ்கேன், இதயம், மனசு. ரத்த வகை பொருந்துகிறது. ஈரலில் கொழுப்பே இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. பார்க்க வந்த அய்யம்மா மதினி, "அம்புட்டும் வாயில இருக்கு, ஈரலுக்கு எங்கிட்டு மிச்சம்?" என்றார். மூன்று வாரத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

ஜூலை 20, வியாழன்

கமிட்டிக்கு முன்னால் உட்கார்ந்தோம். இவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிப் போனேன். ஏன் குடித்தீர்கள் என்று மனநல டாக்டர் கேட்டார். தறிச் சத்தம் வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், குடித்தால் நிற்கும், முதலில் அதற்குத்தான் ஆரம்பித்தேன் என்றார். என்னிடம் அவர் இதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஜூன் இருபத்தி ஒன்றுக்குப் பிறகு தொடவில்லை என்றார். ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். நாள் சொல்லாமல் எந்த நேரமும் சிறுநீர் எடுத்துச் சோதிப்போம் என்றார்கள். தினமும் எடுங்கள் என்று நான் சொன்னேன்.

ஜூலை 22, சனி

விடிந்ததிலிருந்து புத்தி சரியில்லை. மூணாம் நம்பர் தறி நிற்கிறது, சாவி எங்கே என்கிறார். என்னை அக்கா என்று கூப்பிட்டார். ஈரல் வடிகட்டாத நஞ்சு மூளைக்குப் போகிறதாம். வயிறு போக வைக்கிற சிரப்பைக் கூட்டினார்கள். ஐந்து தடவை போனார், ஐந்து தடவை துணி மாற்றினேன். நாள் முழுக்க அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஊசியைப் பிடுங்கிவிடக் கூடாது என்று.

ஜூலை 24, திங்கள்

தெளிந்துவிட்டார். தெளிந்ததும் கிறுக்குத்தனமும் திரும்பிவிட்டது. நான் தட்டுக் கழுவப் போன நேரத்தில் அரிஷ்டத்தைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றியிருக்கிறார். கையும் களவுமாகப் பிடித்தேன். நான் உங்களுக்காக வயிற்றைக் கிழித்துக்கொள்ளப் போகிறேன், நீங்கள் ஒரு மூடி மருந்து குடிக்க மாட்டீர்களா என்று கேட்டேன். மறுபடி ஊற்றிக் கொடுத்தேன், குடித்தார்.

ஜூலை 25, செவ்வாய்

நாலு முட்டை. மூன்று தடவை. அரிஷ்டம் இரண்டு வேளையும் என் கண்முன்னால் விழுங்கினார். சிறுநீர் எடுத்துப் போனார்கள். எடுக்கட்டும்.

ஜூலை 27, வியாழன்

டாக்டர் ஹசீனா அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு தாள். சிறுநீரில் சாராயத்தின் தடம் இருக்கிறது, சந்தேகத்துக்கு இரண்டு தடவை பார்த்தாயிற்று, இந்த நாலைந்து நாளுக்குள் குடித்திருக்கிறார் என்றார். மாற்றுப் பட்டியலிலிருந்து கமிட்டி அவர் பெயரை எடுத்துவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தம்மா எதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

நேராக வார்டுக்குப் போனேன். தலையணையைத் தூக்கி வீசினேன். மெத்தையைப் புரட்டினேன். எட்டுக் கட்டிலிலும் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"யோவ், எங்கய்யா ஒளிச்சு வச்சிருக்க? யாருய்யா வாங்கிக் கொடுத்தா?"

"குடிக்கல தங்கம்."

பதினெட்டு வருஷமாக இதே வார்த்தை. வாயில் நாற்றத்தோடு இதே வார்த்தை. நான் என்னென்ன சொன்னேன் என்று எழுத வேண்டாம். செத்துப் போ என்றும் சொன்னேன். அவர் என் பையை ஒரு தடவை பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். பையில் காசு இருக்கிறதா என்று பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அய்யம்மா மதினியை வரச் சொல்லிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

இனி இந்த நோட்டு தேவையில்லை.

ஜூலை 28, வெள்ளி

இன்றைய தேதியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

காலையில் மையத்துக்குப் போனேன். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், முட்டை உரித்துப் போட்டேன். சமையல்காரப் பவுன்தாயின் மருமகள் பிள்ளை பெற்றுப் பதினொரு நாள் ஆகிறது. பையில் அந்த அரிஷ்டம் இருந்தது, இரண்டாவது பாட்டில், முக்கால்வாசி மிச்சம். இனி எனக்கு எதற்கு என்று எடுத்து நீட்டினேன். நீட்டின கையைப் பழக்கத்தில் இழுத்துக்கொண்டேன். மையத்துக்குள் எந்தப் பொருள் வந்தாலும் பின்பக்கம் திருப்பித் தேதி பார்க்காமல் நான் யாருக்கும் கொடுப்பதில்லை. எண்ணெய், பருப்பு, உப்புப் பாக்கெட்டு எதுவானாலும் சரி.

தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இங்கிலீஷில் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். தானாக விளைகிற ஆல்கஹால், பத்து சதவீதத்துக்கு மிகாமல்.

மறுபடி படித்தேன். பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஊற வைத்துப் புளிக்க வைக்கிற மருந்து, அதில் இருக்கத்தானே செய்யும் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். "எல்லாரும் குடிக்கறதுதான" என்றாள் பவுன்தாய். எல்லாரும் குடிப்பார்கள். ஈரல் போனவன் குடிக்கக் கூடாது. அவனுக்கு இருபது நாள் என் கையால் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். பச்சைப் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற பொறுப்போடு கொடுத்திருக்கிறேன்.

மதுரைக்குத் திரும்புகிற பஸ்ஸில் இந்தப் பின்பக்கத்தை முதலிலிருந்து படித்தேன். ஜூலை 14 வந்ததும் மூடிவிட்டேன். திரும்பத் திறந்து படித்தேன். அவர் சொல்லியிருக்கிறார். வாயைத் திறந்து தெளிவாகச் சொல்லியிருக்கிறார். நான் பக்கத்துக் கட்டிலோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஜூலை 8-ஐயும் படித்தேன். துண்டில் சுற்றி, புடவைக்கு அடியில். அரிசி டிரம்முக்குள் துண்டில் சுற்றி வைத்தவரை என்னென்ன பேசியிருக்கிறேன்.

ஜூலை 29, சனி

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டிலை வெளியே எடுத்தேன். இவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"மொத மூடியிலயே நாக்குக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"பொய் சொல்ல மாட்டேன் தங்கம். மொத வாரம் சொல்லணும்னு தோணல. நாக்கு கேட்டுச்சு, வாங்கிக் குடிச்சேன். அப்புறம் பயம் வந்துச்சு. சொன்னேன். நீ சிரிச்ச."

"வியாழக்கிழமை? அத்தனை பேச்சுப் பேசினேனே, அப்பச் சொல்லியிருக்கலாம்ல?"

"அத்தனை பேர் முன்னாடி எம்பொண்டாட்டிதான் ஊத்திக் கொடுத்தான்னா சொல்றது? சொன்னாலும் குடிகாரன் பேச்சு. யாரு நம்புவா?"

அழுதேன். எழுதிவிடுகிறேன், நன்றாக அழுதேன். எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. ஒரு முட்டையை உரித்துக் கொடுத்தேன். அது போதாது என்று தெரிந்தது. எழுந்து நின்று, எட்டுக் கட்டிலுக்கும் கேட்கிற மாதிரி, இவர் குடிக்கவில்லை, தெரியாமல் நான்தான் கொடுத்தேன், வியாழக்கிழமை நான் பேசியது அத்தனையும் தப்பு என்று சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர் தலையைக் குனிந்துகொண்டார். திட்டினது எத்தனை பேருக்குக் கேட்டதோ அத்தனை பேருக்கும் இதுவும் கேட்க வேண்டும்.

அடுத்து டாக்டர் ஹசீனா. எதுவும் கூடாது என்று முதல் நாளே சொன்னேனா இல்லையா என்று கேட்டார். சொன்னீர்கள் என்றேன். திட்டி முடிக்கும்வரை நின்றேன். பிறகு, கமிட்டியைக் கூட்டுங்கள், நான் பேச வேண்டும் என்றேன்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

ஐந்து பேர். நான் மட்டும் எதிரில். பாட்டிலையும் நோட்டையும் மேஜையில் வைத்தேன். நோட்டைத் திருப்பி வைத்தேன். இதுவரை நோட்டின் பின்பக்கத்தை யாரும் படித்ததில்லை.

நடுவில் இருந்த பெரிய டாக்டர் நாலு பக்கம் புரட்டினார். நல்ல மரியாதையான மனிதர்தான். இதை நேற்று உட்கார்ந்து எழுதியிருக்கவும் முடியும் இல்லையா, வீட்டுக்காரரைக் காப்பாற்ற மனைவிகள் எதையும் செய்வார்கள், நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம் என்றார்.

நோட்டை இழுத்து, பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

"ஜூலை பதினாலாம் தேதியைச் சத்தமாப் படிங்க சார். பொய் எழுதறவ தன்னையே இவ்வளவு கேவலமா எழுதுவாளா?"

அவர் சத்தமாகப் படிக்கவில்லை. மனசுக்குள் படித்தார். பிறகு பக்கத்தில் இருந்த டாக்டர் ஹசீனாவிடம் நகர்த்தினார். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதன் பிறகு நான் பேசினேன். உங்கள் தாளில் அவர் பெயருக்கு நேராக எழுதியிருப்பதை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். சொன்ன பேச்சைக் கேட்காதது நான், ஒளித்து வைத்தது நான், முன்பக்கத்தில் எழுதாமல் விட்டது நான். அதற்கு என்ன தண்டனையோ எனக்குக் கொடுங்கள். செய்யாத குற்றத்துக்கு அவரைச் சாக விடாதீர்கள் என்றேன்.

கடைசியில் மனநல டாக்டர் கேட்டார். "சரிம்மா, மாற்று வச்ச பிறகு அவர் மறுபடி குடிச்சா என்ன செய்வீங்க?"

"குடிக்க மாட்டார்னு சத்தியம் பண்ண நான் தயாரா இல்ல சார். அவரே பண்ணட்டும். ஆனா இனிமே அவர் குடிச்சேன்னாலும் நம்புவேன், குடிக்கலன்னாலும் நம்புவேன்."

பாட்டிலைச் சோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் மூன்று தடவை சிறுநீர் எடுப்பார்களாம். மூன்றும் சுத்தமாக இருந்தால் மறுபடி யோசிப்பார்களாம். இரண்டு வாரம் அவர் தாங்குவாரா என்று நான் கேட்டேன். பெரிய டாக்டர் நோட்டை என் பக்கம் நகர்த்தினார்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

முதல் சோதனை சுத்தம். நாலு முட்டை, கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறார். இனி எல்லாமே முன்பக்கத்தில்தான் எழுதுகிறேன். இங்கே எழுத ஒளிவாக ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 9, புதன்

காய்ச்சல். வயிற்று நீரில் கிருமி. ஊசி மருந்து ஓடுகிறது. மஞ்சள் இருபத்தி எட்டு. கன்னம் ஒட்டிவிட்டது. அய்யம்மா மதினி மூலையில் நின்று அழுதார். கீழாநெல்லி கொடுத்த பாவம் தன்னுடையது என்றார். பாவத்தைப் பங்கு போட இது நேரமில்லை மதினி, கஞ்சியில் பருப்பைக் கடைந்து ஊற்றுங்கள் என்றேன். ஒரு மணி நேரத்துக்கு மூன்று கரண்டி என்று வைத்து, மாலைக்குள் ஒரு செம்பு உள்ளே தள்ளிவிட்டோம். பத்தில் ஏழு பேர் என்றார்கள். ஏழு பேருக்கும் என்னை மாதிரி ஒருத்தி இருந்திருக்க மாட்டாள்.

ஆகஸ்ட் 10, வியாழன்

இரண்டாவதும் சுத்தம். காய்ச்சல் விட்டுவிட்டது.

ஆகஸ்ட் 14, திங்கள்

மூன்றாவது எடுத்துப் போனார்கள். வதனி வந்திருந்தாள். அப்பாவுக்கு நகம் வெட்டிவிட்டாள். அம்மா உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். பயமாகத்தான் இருக்கிறது. அவளுக்கு எதற்கு அது.

ஆகஸ்ட் 17, வியாழன்

மூன்றும் சுத்தம். அந்தப் பாட்டில் சோதனையும் வந்துவிட்டது, ஏழரை சதவீதம். கமிட்டி சம்மதித்துவிட்டது. ஐந்தில் நாலு பேர். சம்மதிக்காத அந்த ஒருத்தர் யார் என்று கேட்டேன், டாக்டரம்மா சொல்லவில்லை. யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் ஊருக்குப் போவேன்.

இவரிடம் சொன்னபோது, "நீ வேண்டாம்னு சொன்னாலும் நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன் தங்கம்" என்றார். வேண்டாம் என்று சொல்கிறவளைக் கட்டியிருக்க வேண்டும் என்றேன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

காலை ஆறு மணி. பச்சை அங்கி போட்டுவிட்டார்கள். தாலியைக் கழற்றி அய்யம்மா மதினியிடம் கொடுத்தேன். என்னை ஒரு தியேட்டர், அவரைப் பக்கத்துத் தியேட்டர். இரண்டு தள்ளுவண்டியையும் நடைவழியில் அருகருகே நிறுத்தியிருக்கிறார்கள். நோட்டு இன்னும் என் கையில் இருக்கிறது. கூப்பிட்டதும் மதினியிடம் கொடுத்துவிடுவேன்.

இப்போதுதான் ஒரு புது நர்ஸ் வந்தது, சின்னப் பெண். அட்டையில் தாளை வைத்துக்கொண்டு இவரிடம் வரிசையாகக் கேட்டது. பெயர், வயது, பல் செட் உண்டா.

"ராத்திரியிலிருந்து வாயில ஏதாவது போட்டீங்களா? தண்ணியோ, வேற ஏதாவதோ?"

"இல்லம்மா" என்றார்.

அந்தப் பெண் எழுதவில்லை. பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற எல்லாரையும் போலவே, என் பக்கம் திரும்பிப் பார்த்தது.

"என்னை ஏம்மா பாக்கற? அவர்தான் சொல்லிட்டாரே."

அவர் தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பெண் குனிந்து, அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டது.